கூடியோடும் கால்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தனியே ஓடினால் விரைவாக ஓடலாம். கூடி ஓடினால் நெடுந்தொலைவு ஓடலாம் என்று ஓட்டக்காரர்கள் சொல்வதுண்டு. நெடுந்தொலைவு ஓட்டம் உடலுக்கு வலிமை தருவது. அதனை நண்பர்களோடு ஓடும்போது மனத்திற்கும் அது பயிற்சியாகிறது. பிறருடைய மூச்சைக் கேட்கவும், பின்தங்குவோருக்காக நம் வேகத்தைக் குறைக்கவும் அது கற்றுத் தருகிறது. திருவண்ணாமலையின் மலைவலப் பாதையிலிருந்து உலக அரங்கு வரை அந்தப் பாடத்தைத் தேடிச் செல்கிறது இக்கட்டுரை.

மலையும் பாதையும்

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தோருக்கு நெடுவழி என்பது புதிய செய்தி அன்று. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதை ஊரின் உடலோடு ஒட்டியது. கிழக்கே கோவிலருகில் இந்திரலிங்கத்தில் தொடங்கி, அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என எண்டிசைக்கும் அமைந்த எட்டு லிங்கங்களைக் கடந்து அப்பாதை மீண்டும் ஊருக்குள் வருகிறது. முழுநிலா நாள்களில் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் இவ்வழியில் நடக்கின்றனர். வலப்பக்கம் எப்போதும் மலை இருக்கும். நடக்க நடக்க அதன் வடிவம் மாறும், மலை மாறுவதில்லை.

இப்பாதையில் நடப்பதற்கென ஒரு மரபு உண்டு. நிறைமாதக் கருவுற்றிருக்கும் அரசி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்று பெரியோர் கூறுவர். ஓட்டத்தைப் பற்றிய கட்டுரையில் மெதுநடையைப் பற்றிய மரபு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நெடுந்தொலைவு ஓட்டத்தின் முதல் பாடமே அதில்தான் அடங்கியிருக்கிறது. அதனை நான் நூலில் படித்து அறியவில்லை. உங்களைப் போல மேல்நிலை முதலாம் ஆண்டில் பயின்றபோது, ஒரு தவற்றின் வழியாகவே அறிந்தேன்.

எண்ணியபோது நால்வர்

அப்போது நாங்கள் நண்பர்கள் ஐவர். மக்கள் கூட்டமில்லாத சாதாரண நாள்களில், விடியுமுன் எழுந்து மலையைச் சுற்றி ஓடுவது என்று முடிவு செய்தோம். யாரிடமும் ஓட்டத்திற்குரிய காலணி இல்லை. இருவர் கித்தான் காலணி அணிந்திருந்தனர், மற்றவர்கள் வெறுங்கால். தெருவிளக்குகள் மிகச் சிலவே இருந்த காலம். புளியமரங்களின் நிழல் இருளை மேலும் இருளாக்கியது.

முதல் நாள் செங்கம் சாலையில் சிரித்துக்கொண்டே ஓடினோம். நிருதிலிங்கத்தைக் கடந்தபின் பேச்சு நின்றது. இருவர் முன்னே விரைந்தனர். அவர்களை விட்டுவிடக் கூடாதென்று நானும் மற்றொருவனும் விரைந்தோம். யார் முதலில் ஊர் எல்லையைத் தொடுவது என்பது ஒன்றே எங்கள் நினைவாக இருந்தது. ஈசானியலிங்கத்தருகே நின்று மூச்சு வாங்கியபடி எண்ணியபோது நால்வரே இருந்தோம்.

வந்த வழியே திரும்பி நடந்தோம். அடி அண்ணாமலையருகே ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஐந்தாமவன் அமர்ந்திருந்தான். “மெதுவாப் போங்கடான்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன்” என்றான். சினத்தோடு அவன் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது எங்களைச் சுட்டது. அவன் அழைத்தது எங்கள் நால்வரில் ஒருவர் காதிலும் விழவில்லை.

அதன்பின் இரண்டு வாரம் அவன் ஓட வரவில்லை. நாங்கள் அவன் வீட்டிற்குச் சென்று அழைத்தோம். ஒரு விதியும் வகுத்துக்கொண்டோம். ஐவரில் மெதுவாக ஓடுபவன் முன்னால் ஓட வேண்டும். அவனை யாரும் முந்தக் கூடாது. இவ்விதியால் எங்கள் வேகம் குறைந்தது. பேச்சு மட்டும் 14 கிலோமீட்டரும் நிற்காமல் தொடர்ந்தது.

அப்படி ஓடிய ஒரு விடியலில், வருணலிங்கத்தைத் தாண்டியபோது, முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவன் திரும்பிப் பாராமலே சொன்னான்: “அடுத்த மாசத்துலேர்ந்து நான் பள்ளிக்கூடம் வரமாட்டேன். அரிசி ஆலையில வேலைக்குச் சொல்லியிருக்காங்க.” முதல் நாள் அவன் பின்தங்கியதன் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. முந்தைய இரவு அவன் வீட்டில் உலை வைக்கவில்லை.

நாங்கள் அதை எங்கள் தமிழாசிரியரிடம் கூறினோம். ஐயா அவனுடைய தந்தையாரைச் சென்று கண்டார். தேர்வுக் கட்டணத்தையும் தாமே செலுத்தினார். அவன் படிப்பைத் தொடர்ந்தான். அரசுத் தேர்வையும் எழுதினான். வகுப்பறையில் முகம் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை, இருளில், முன்னோக்கி ஓடும்போது அவனால் சொல்ல முடிந்தது. நாங்கள் பழைய வேகத்திலேயே ஓடியிருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டோம்.

தெரிந்து தெளிவோம்

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். இயற்றியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊரான செங்கண்மா, இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கம் ஆகும். கூட்டமாக மலைவழி செல்லும் கூத்தர்க்கு இந்நூல் வழிகாட்டுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் விடிந்தபின் செல்லுதல், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு மரத்தின் பின் ஒதுங்குதல், வழுக்கும் பாறைகளில் கவனமாக நடத்தல் எனப் பயணத்தின் இடர்களையும் அவற்றைக் கடக்கும் வகையையும் அது எடுத்துரைக்கிறது. தாம் கடந்த வழியைப் பின்வருவோர்க்கு எளிதாக்கித் தருவதே ஆற்றுப்படையின் அறம்.

பேச முடிகிற வேகம்

நெடுந்தொலைவு ஓட்டத்தில் பயிற்சி பெறுவோர்க்குப் பயிற்றுநர்கள் எளிய அளவுகோல் ஒன்றைத் தருகின்றனர். ஓடும்போது உடன் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகம் மிகுதி என்பது பொருள். இவ்வளவுகோலுக்குக் கைக்கடிகாரம் தேவையில்லை. நண்பர் ஒருவர் தேவை.

இதன் பின்னால் அறிவியல் உண்டு. மெதுவாக நெடுநேரம் ஓடும்போது தசைகள் உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றலைப் பெறுகின்றன. நாள்தோறும் பழகும்போது தசைநார்களைச் சூழ்ந்த நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் மிகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது. இம்மாற்றங்கள் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. பல வாரங்கள் பொறுமையாக ஓடியவர்க்கே அவை வாய்க்கின்றன. தொடக்கத்திலேயே மூச்சுத் திணற ஓடுபவர் பெரும்பாலும் காயத்தாலோ சலிப்பாலோ இடையில் நின்றுவிடுகிறார்.

மனித உடலும் ஓட்டமும்

குறுந்தொலைவு ஓட்டத்தில் மனிதன் பல விலங்குகளிடம் தோற்பான். நாயும் மானும் குதிரையும் அவனை எளிதில் முந்திவிடும். வெயிலில் நெடுந்தொலைவு ஓடுவதில் நிலைமை வேறு. டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் ஆகிய அறிஞர்கள் 2004ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுரையில், மனித உடல் நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு ஏற்றவாறு வளர்ச்சியுற்றது என்று வாதிட்டனர். குதிகால் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்து மீளத் தருகிறது. பிடரியிலுள்ள இணைப்பு இழை தலையை அசையாமல் தாங்குகிறது. உடலெங்கும் பரவியுள்ள இலட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வாழும் சான் மக்கள், வெயிலில் மானைப் பல மணி நேரம் விடாது துரத்திக் களைப்படையச் செய்து வேட்டையாடிய முறை பதிவு செய்யப்பட்டுள்ளது. அவ்வேட்டைக்கும் ஒருவர் போதாது. தடம் பார்ப்போர், துரத்துவோர் எனக் குழுவாகவே அவர்கள் புறப்பட்டனர்.

சேர்ந்து செய்யும்போது

ஒரே வேலையைத் தனியே செய்வதற்கும் சேர்ந்து செய்வதற்கும் உடலளவில் வேறுபாடு உண்டா? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படகு வலிக்கும் மாணவர் பன்னிருவரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். மாணவர்கள் 45 நிமிடம் தனியாகவும், வேறொரு நாளில் அதே அளவு நேரம் குழுவாகவும் துடுப்பு வலித்தனர். ஒவ்வொரு முறையும் அவர்கள் எவ்வளவு வலியைத் தாங்குகின்றனர் என்று அளந்தனர். செலவிட்ட ஆற்றல் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், குழுவாக வலித்த நாளில் வலியைத் தாங்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. உடலில் இயல்பாகச் சுரந்து வலியைத் தணிக்கும் எண்டார்பின்கள், ஒத்திசைந்து இயங்கும்போது மிகுதியாகச் சுரப்பது காரணமாகலாம் என அவர்கள் கருதினர். ஏற்றம் இறைத்தோரும் நாற்று நட்டோரும் தேர்வடம் இழுத்தோரும் கூடிப் பாடியதன் பயனை நம் முன்னோர் உடலால் அறிந்திருந்தனர்.

தனி மனிதச் சாதனை என்று நாம் போற்றுவனவற்றிலும் கூட்டம் மறைந்திருக்கிறது. கென்ய நாட்டு வீரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னா நகரில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தார். இரண்டு மணி நேரத்திற்குள் அத்தொலைவைக் கடந்த முதல் மனிதர் அவரே. வேகம் குறையாமல் காக்கவும் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கவும் 41 வீரர்கள் முறைவைத்து அவரைச் சூழ்ந்து ஓடினர். இத்தகைய உதவிகள் இருந்தமையால் அது அதிகாரமுறைச் சாதனையாக ஏற்கப்படவில்லை. முடிவுக்கோட்டை நெருங்கியதும் சூழ்ந்து ஓடியோர் பின்னே ஒதுங்கி அவருக்கு வழிவிட்டனர். அவர் கோட்டைத் தொட்டபோது அவர்களுள் பலர் தாமே வென்றதுபோல் துள்ளிக் குதித்தனர்.

ஒரு நொடி இடைவெளி

2016ஆம் ஆண்டு மும்பை மாரத்தானில், தம் தோழர்கள் ஒலிம்பிக் தகுதி பெறுவதற்காக வேகம் அமைத்துத் தரும் பணியை ஏற்றவர் கேரளத்தைச் சேர்ந்த இராணுவ வீரர் கோபி. பிறருக்காக ஓடத் தொடங்கிய அவர், நிற்காமல் ஓடி இந்திய வீரர்களுள் இரண்டாவதாக வந்து தாமும் தகுதி பெற்றார். அவருடைய தோழர்களான நிதேந்திர சிங் ராவத்தும் கேதா ராமும் தகுதி பெற்றனர்.

அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தானில் கோபி 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் 25ஆம் இடத்தைப் பெற்றார். கேதா ராம் 2 மணி 15 நிமிடம் 26 நொடியில் 26ஆம் இடத்தைப் பெற்றார். 42 கிலோமீட்டருக்குப் பின் இருவருக்கும் இடையே ஒரு நொடியே இடைவெளி. பதக்கப் பட்டியலில் இந்த ஒரு நொடிக்கு இடமில்லை. நட்பின் கணக்கில் அதற்குத் தனி இடம் உண்டு.

அடுத்த ஆண்டு புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் கோபி வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கம் வென்றவர் நம் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. இலட்சுமணன். 5,000 மீட்டர் ஓட்டத்திலும் அவர் தங்கம் வென்றார். அவரைப் பயிற்றுவித்தவர் பயிற்றுநர் லோகநாதன். அதே பயிற்றுநரிடம் பயின்ற புதுக்கோட்டை வீராங்கனை சூரியா, 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார்.

அரணாக நின்றோர்

பெண்கள் நெடுந்தொலைவு ஓடுவது இயல்பென ஏற்கப்படாத காலம் ஒன்று இருந்தது. அது நெடுநாளைக்கு முற்பட்டதும் அன்று. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கேத்தரின் சுவிட்சர் என்னும் மாணவி, முறைப்படி பெற்ற எண்ணை அணிந்து ஓடினார். ஓடுபவர் பெண் என்பதைக் கண்ட போட்டி அலுவலர் ஒருவர் பாதையில் இறங்கி, அவர் அணிந்திருந்த எண்ணைப் பிடுங்க முயன்றார். உடன் ஓடிய பயிற்றுநரும் நண்பரும் குறுக்கே நின்று தடுத்தனர். கேத்தரின் ஓடி முடித்தார். மகளிர் மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்களில் இன்றும் ஒரு மாணவி விடியற்காலையில் தனியே ஓடுவதற்குத் தயங்குகிறாள். அவள் தயங்கும்படி சூழலை வைத்திருப்பது நம் குறை. தோழியர் நால்வர் சேர்ந்தால் அத்தயக்கம் குறையும்; நாற்பதின்மர் சேர்ந்தால் சாலையே மாறும். கூடி ஓடுதல் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பொதுவிடத்தில் தமக்குள்ள உரிமையைக் கால்களால் எழுதுவதும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

புதுக்கால ஒலிம்பிக்கின் முதல் மாரத்தான் 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்றது. வென்றவர் கிரேக்க நாட்டின் ஸ்பிரிடான் லூயிஸ். அப்போது தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர் தொலைவே 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. இந்தியாவின் சிவ்நாத் சிங் வெறுங்காலுடன் ஓடிப் புகழ்பெற்றவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆம் இடம் பெற்ற அவர், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நிறுவிய தேசியச் சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்தது.

பரிசில்லா ஓட்டம்

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008ஆம் ஆண்டு ஒரு மாரத்தான் தொடங்கப்பட்டது. செம்மண் காட்டுப் பாதைகளில் நடைபெறும் அவ்வோட்டத்தில் வெற்றியாளர்க்குப் பரிசு இல்லை, தரவரிசை இல்லை. ஓடும் மகிழ்ச்சி ஒன்றே நோக்கம். போட்டி கூடாது என்பதன்று இதன் பொருள். போட்டி சிலரைச் சிகரத்திற்குக் கொண்டு செல்கிறது, அது வேண்டியதே. பெரும்பாலோர்க்கு வேண்டியது சிகரமன்று. நாளை காலையும் எழுந்து வரத் தூண்டும் ஒரு காரணம். தெருமுனையில் நண்பர் காத்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

மேல்நிலை வகுப்பு மாணவர்களாகிய உங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். இவ்விரண்டு ஆண்டுகளில் மதிப்பெண் என்னும் ஒரே பாதையில் அனைவரும் விரைகிறீர்கள். அருகில் ஓடுபவர் போட்டியாளராக மட்டும் தோன்றத் தொடங்கும் பருவம் இது. வாரம் சில நாள் விடியலில் அவரோடு சேர்ந்து ஓடிப் பாருங்கள். அவருக்கும் மூச்சு வாங்கும் என்பது புலப்படும்.

தொடங்குவோர்க்கு

முதல் நாளே நெடுந்தொலைவு ஓட முனைய வேண்டா. சில நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை என மாற்றி மாற்றிப் பழகி, வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துக்கொள்க. ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் நீர் அருந்துக. மிகுதியாக வியர்த்தால் உப்பிட்ட மோரோ கஞ்சியோ நன்று. வாரத்தில் ஓய்வு நாள்கள் இருக்கட்டும். இதய நோயோ மூச்சிரைப்போ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். வலி வேறு, களைப்பு வேறு. வலித்தால் நிற்பதே அறிவுடைமை. மலைவலப் பாதையில் ஓடுவோர், மக்கள் வழிபாட்டிற்காக நடக்கும் நாள்களைத் தவிர்த்து, நடப்போர்க்கே முதலில் வழிவிட வேண்டும்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்று உண்டு. புறப்படும்போது எத்தனைபேர் என்று எண்ணுங்கள். திரும்பியதும் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அன்றைய ஓட்டம் நல்ல ஓட்டம்.

மலையைச் சுற்றுவோர் எவரும் மலையை முந்துவதில்லை. தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருகின்றனர். திரும்பி வரும்போது அருகில் யார் இருக்கிறார் என்பதே அவர்கள் பெற்ற பரிசு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மக்கள் கூட்டமாக நடந்து செல்லும் வழிபாட்டுப் பயணம் அல்லது திருவிழா ஒன்றில், பின்தங்குவோர்க்கு மற்றவர்கள் எவ்வாறு உதவுகின்றனர் என்பதைக் கண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘மெதுவாக ஓடுபவர் முன்னால் ஓட வேண்டும்’ என்னும் விதியை வகுப்பறைக் குழுச் செயல்பாட்டில் எவ்வாறு பின்பற்றலாம் என்பது குறித்துக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. மலைபடுகடாம் நூலின் பாட்டுடைத் தலைவனுக்குரிய செங்கண்மா இன்று வழங்கும் பெயர்
அ) செஞ்சி ஆ) செங்கம் இ) செங்கல்பட்டு ஈ) செய்யாறு

2. மகளிர் மாரத்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலில் இடம்பெற்ற ஆண்டு
அ) 1896 ஆ) 1921 இ) 1967 ஈ) 1984

குறுவினா

1. ஓட்டத்தின் வேகத்தை அளக்கப் பயிற்றுநர்கள் கூறும் எளிய அளவுகோல் யாது?

2. ஆற்றுப்படையின் அறம் எனக் கட்டுரை குறிப்பிடுவது எது?

சிறுவினா

1. துடுப்பு வலிக்கும் மாணவர்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு உணர்த்தும் செய்தியை விளக்குக.

2. ‘அதனால்தான் அது எங்களைச் சுட்டது’ – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

‘தனி மனிதச் சாதனையிலும் கூட்டம் மறைந்திருக்கிறது’ என்னும் கருத்தைப் பாடப்பகுதிச் சான்றுகளுடனும் உமது பட்டறிவுடனும் நிறுவுக.